கொல்லையில் கிடக்கும் பழைய கார்: இழுப்பதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

சென்னையில் வேலையும் வீடும் என்று நிலைத்துவிட்ட பல குடும்பங்களுக்கு மதுராந்தகம், உத்திரமேரூர், செய்யூர், ஊத்துக்கோட்டை என்று ஏதாவது ஒரு பக்கத்தில் பூர்வீக வீடு ஒன்று இன்னும் இருக்கிறது. அந்த வீட்டின் கொல்லையில், புளிய மரத்தடியிலோ இடிந்த மாட்டுக்கொட்டகையை ஒட்டியோ, ஒரு காலத்தில் ஊரே திரும்பிப் பார்த்த கார் ஒன்று நான்கு சக்கரமும் மண்ணில் புதைந்து, கோவைக்கொடி படர்ந்து கிடக்கும். பொங்கலுக்கும் குலதெய்வ வழிபாட்டுக்கும் போகும்போதெல்லாம் இதற்கு ஒரு வழி செய்ய வேண்டும் என்று பேசுகிறோம், பிறகு ஜி.எஸ்.டி. சாலை நெரிசலுக்குப் பயந்து வெயில் சாய்வதற்குள் கிளம்பிவிடுகிறோம். அடுத்த ஆண்டு போகும்போது வண்டி இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

மதுராந்தகம் பக்கத்தில் எங்கள் கொல்லையில் கிடந்தது அப்பாவின் 1974-ஆம் ஆண்டு அம்பாசடர். 1996-இல் நின்ற அந்த வண்டியை 2017-இல் நான் எடுக்க முனைந்தேன். நின்ற 21 ஆண்டுகளில் அதற்கு ஆகாத சேதம், நான் டிராக்டர் கட்டி இழுத்த பத்து நிமிடத்தில் ஆயிற்று. அதன் பிறகு உறவிலும் நட்பிலும் மூன்று வண்டிகளை வெளியே எடுக்க உடனிருந்தேன். இரண்டு எடைக்குப் போயின. ஒன்று இன்று ஓடுகிறது. இந்த நான்கிலும் நான் கற்றது ஒன்றுதான்: கிடக்கும் காரைக் கெடுப்பது காலத்தைவிட அவசரம்தான். எனவே இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி, வண்டி ஓர் அங்குலம் நகர்வதற்கு முன் செய்ய வேண்டியவற்றைப் பற்றியது.

முதலில் கொல்லையைச் சுத்தம் செய்யுங்கள்

வேலையைத் தொடங்க ஏற்ற காலம் தை முடிந்து மாசி, பங்குனி. வடகிழக்குப் பருவமழை டிசம்பரில் ஓய்ந்த பிறகும் கொல்லை மண் சில வாரங்கள் நெகிழ்ந்தே இருக்கும். அந்த மண்ணில் ஜாக்கி நிற்காது. சித்திரை வெயிலில் வேலை ஆட்கள் கிடைப்பது கடினம், டாங்கில் மிச்சமிருக்கும் பெட்ரோல் ஆவியும் அப்போதுதான் அதிகம்.

பத்து ஆண்டு ஆள் தொடாத கார் பாம்புக்கு நல்ல வீடு. எலி உள்ளே கூடு கட்டியிருந்தால் பாம்பும் வந்துபோகும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கும் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களில் உண்டு. கதவைத் திறப்பதற்கு முன்பு நீண்ட கழியால் தகரத்தைத் தட்டி, சற்றுத் தள்ளி நின்று காத்திருங்கள். சீட்டுக்கு அடியிலும் டிக்கியிலும் கையை விடாதீர்கள். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கழியால் கிளறுங்கள். ஊருக்கு அருகில் இருளர் குடியிருப்பு இருந்தால் அனுபவமுள்ள ஒருவரை அழைத்து, அவருக்கு உரிய கூலியைக் கொடுத்து, வண்டியைச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வடநெம்மேலியில் 1978-ஆம் ஆண்டு முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்தான் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய பாம்பு விஷத்தை எடுத்துத் தருகிறது; மண்ணில் இருக்கும் தடத்தைப் பார்த்தே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லக்கூடியவர்கள் அம்மக்கள். உள்ளே பாம்பு இருப்பது தெரிந்தால் தீயணைப்புத் துறைக்கு 101-இல் சொல்லலாம். அடிக்க வேண்டாம். யாரையாவது கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து, அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மட்கார்டுக்குக் கீழே குளவிக்கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள். எலிக்கூட்டை வெறும் கையால் அள்ளக் கூடாது. எலி மூத்திரத்தின் வழியாக எலிக்காய்ச்சல் பரவும். கையுறையும் முகக்கவசமும் அணிந்து, பஞ்சையும் குப்பையையும் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் நனைத்த பிறகு அள்ளினால் தூசி பறக்காது. கழற்றிப் போட்ட டயர்களில் தேங்கிய தண்ணீரை அன்றே கொட்டிவிடுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இடும் முட்டை, தண்ணீர் வற்றிய பிறகும் டயரின் உட்சுவரில் பல மாதங்கள் உயிரோடு ஒட்டியிருக்கும் என்பதால், கொட்டினால் மட்டும் போதாது; உட்புறத்தைத் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவி, மழை படாத இடத்தில் வைக்க வேண்டும்.

கொடிகளையும் வேலிகாத்தான் கிளைகளையும் பிடித்து இழுக்கக் கூடாது. அடியில் வெட்டிவிட்டு, ஒரு வாரம் காய விடுங்கள். பச்சைக் கொடி ஜன்னல் பீடிங்கையும் குரோம் பட்டையையும் சுற்றிப் பிடித்திருக்கும். இழுத்தால் அவையும் சேர்ந்து வரும். காய்ந்த கொடி கையோடு நொறுங்கிவிடும். சக்கரத்தைச் சுற்றி மரவேர் போயிருக்கிறதா என்று மண்வெட்டியால் விரலளவு தோண்டிப் பாருங்கள். இதை நான் 2017-இல் பார்க்கவில்லை.

வண்டி யாருடையது என்று காகிதம் சொல்ல வேண்டும்

தொட்டு நகர்த்துவதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தைத் தேடுங்கள். பழைய மரப்பீரோவில், நிலப்பத்திரங்களுக்கு நடுவே, பல வீடுகளில் அது இருக்கும். 1989-க்கு முன் பதிவான வண்டி என்றால் பதிவெண், இன்றைய டி.என். 19, டி.என். 21 போல மாவட்ட எண்ணோடு இல்லாமல், மூன்று எழுத்தும் அதன் பின் எண்ணுமாக இருக்கும். இத்தகைய வண்டிகளின் விவரம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் கணினியில் ஏறாமலே இருக்கக்கூடும். அப்போது புத்தகத்தைக் காட்டி, பழைய பதிவேட்டோடு ஒப்பிட்டு, விவரத்தைக் கணினியில் ஏற்றித் தரும்படி கேட்க வேண்டும். அலுவலகத்தில் இதைப் பேக்லாக் என்ட்ரி என்பார்கள். வண்டியை ஓட்டுவதாக இருந்தாலும் உடைப்பதாக இருந்தாலும் இந்த வேலையைத் தாண்டி எதுவும் நகராது என்பதால், மற்ற எதற்கும் முன்பாக இதைத் தொடங்கிவிடுங்கள். புத்தகம் தொலைந்திருந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அந்தச் சான்றோடு படிவம் 26-இல் நகல் ஆர்.சி.க்கு விண்ணப்பிக்கலாம்.

புத்தகத்தில் இருக்கும் எண்ணும் வண்டியில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பார்ப்பது அடுத்தது. பானட்டைத் திறந்தால், இன்ஜினுக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவே உள்ள தகரச் சுவரில் சேஸ் எண் தகடு பெரும்பாலும் இருக்கும். இன்ஜின் எண், இன்ஜின் பிளாக்கிலேயே ஒரு பக்கம் இருக்கும். துருவும் கிரீஸும் மூடி, எண் கண்ணுக்குத் தெரியாது. கிரைண்டரோ ஆசிட்டோ அங்கே பட்டுவிடக் கூடாது. எண் அழிந்த வண்டி சந்தேகத்துக்குரிய வண்டியாகிவிடும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் பலமுறை துடைத்துவிட்டு, மெல்லிய வெள்ளைத்தாளை எண்ணின் மேல் ஒட்டி, பென்சிலைச் சாய்த்துப் பிடித்து மெதுவாகத் தேயுங்கள். வெறும் கருப்புப் பட்டையாகத் தெரியும் இடத்தில் முதலில் ஒரு வளைவு, பிறகு ஒரு கோடு என்று எண் வெள்ளையாக எழுந்து வரும். அலுவலகத்திலும் இதையே பென்சில் பிரின்ட் என்று கேட்பார்கள். மூன்று பிரதி எடுத்து வையுங்கள்.

உரிமையாளர் காலமாகியிருந்தால், இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வைத்து, படிவம் 31 வழியாக வாரிசு ஒருவர் பெயருக்குப் பதிவை மாற்ற வேண்டும். மற்ற வாரிசுகளிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். காகிதத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. கொல்லையில் கிடக்கும்வரை யாரும் கேட்காத வண்டி, எடைக்குப் போட்ட மறுநாள் எல்லாருடைய வண்டியும் ஆகிவிடும். வெளிநாட்டில் இருக்கும் தங்கை, அப்பா அந்த ஸ்டீயரிங்கில் தன் கையைப் பிடித்து வைத்ததை நினைத்து அழுவாள். முன்பே ஒருமுறை பேசி, யாருக்கு எந்தப் பொருள் நினைவாக வேண்டும் என்று கேட்டுவிடுவதே நல்லது.

வண்டி உங்கள் குடும்பத்துடையது இல்லை, நிலம் வாங்கியபோது அதில் கிடந்தது என்றால், அதைத் தொட உங்களுக்கு உரிமை இல்லை. நிலத்தை விற்றவரிடம் கேளுங்கள். பயனில்லை என்றால் கிராம நிர்வாக அலுவலருக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் தெரிவித்து, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள்.

துருவைப் படிப்பது

ஒரு பழைய கார் பிழைக்குமா என்பதை இன்ஜினை வைத்து முடிவு செய்கிறவர்கள் அதிகம். நான் தகரத்தை வைத்தே முடிவு செய்வேன். அம்பாசடரின் இன்ஜினுக்கு இன்றும் உதிரி பாகம் கிடைக்கிறது, பிரித்துச் சேர்க்கத் தெரிந்த மெக்கானிக்கும் கிடைக்கிறார். அடித்தளம் அரித்துப்போன உடலுக்கு, புதிய உடல் கிடைக்காது. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1950-களின் இறுதியில் தொடங்கிய அதன் உற்பத்தி 2014 மே மாதத்தோடு நின்றுவிட்டது. இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும்: அம்பாசடருக்கு ஜீப், லாரி போலத் தனியான சேஸ் சட்டம் கிடையாது. தரைத் தகரம், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற விளிம்பு, குறுக்குச் சட்டம் எல்லாம் சேர்ந்துதான் ஏறத்தாழ 1,100 கிலோ எடையைத் தாங்குகின்றன. அவை போய்விட்டால், மேலே பார்க்க முழுசாக இருக்கும் வண்டி உண்மையில் வெறும் கூடுதான்.

சோதிக்கக் கருவி ஒன்றே போதும்: நீளமான பழைய ஸ்குரூ டிரைவர். கதவுக்குக் கீழ் விளிம்பில், ஒரு கையளவு இடைவெளி விட்டு, அதன் முனையால் அழுத்திக் குத்திக்கொண்டே போங்கள். நல்ல தகரத்தில் டங்கென்று சத்தம் வந்து முனை வழுக்கும். மேல் துரு மட்டும் பிடித்த இடத்தில் சத்தம் கொஞ்சம் மந்தமாகும், பழுப்புத் தூள் உதிரும், ஆனால் முனை நிற்கும். அரித்த இடத்தில் சத்தமே வராது. பழைய அப்பளத்தைக் குத்தியதுபோல முனை உள்ளே இறங்கும், வெளியே எடுக்கும்போது அடுக்கடுக்கான துரு இதழ்கள் கூடவே வரும். பெயிண்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். முன்பு டிங்கர் வேலை செய்து, கனமாகப் பட்டி பூசிப் பெயிண்ட் அடித்த இடத்தில், உள்ளே தகரமே இல்லாமல் பட்டி மட்டும் உருவத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி மேலே ஓட்டினால், பட்டி இருக்கும் இடத்தில் பிடி தளர்வது கையிலேயே தெரியும்.

முன் சீட்டுக்கு அடியில் உள்ள குறுக்குச் சட்டத்தைத் தனியாகப் பாருங்கள். அம்பாசடரின் முன் சக்கரங்களைத் தாங்கும் டார்ஷன் பார் என்ற நீண்ட இரும்புக் கம்பிகள் அந்தச் சட்டத்தில்தான் வந்து பிடிக்கின்றன. கம்பி முறுக்கத்தில் இருக்கும்; அதன் பிடி அரித்திருந்தால், கழற்றும்போது திடீரென விடுபட்டு ஆளை அடிக்கும். அந்த இடம் மெத்தென்று இருந்தால் நீங்கள் அதில் கை வைக்கவே வேண்டாம். அடுத்து, பின் பக்கத்து லீஃப் ஸ்பிரிங் உடலோடு சேரும் இரண்டு முனைகள். அதன் பிறகு டிக்கித் தரை. இவை நான்கும் நின்றால் வண்டிக்கு உயிர் இருக்கிறது. கதவும் மட்கார்டும் எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் கவலை இல்லை, அவற்றை ஒரு நல்ல டிங்கர் சரிசெய்துவிடுவார்.

வண்டி எங்கே நின்றது என்பதும் பாதிக் கதையைச் சொல்லிவிடும். செய்யூருக்குக் கிழக்கே, கடற்காற்று வரும் தோப்பில் 12 ஆண்டுகள் மட்டுமே நின்ற நண்பர் வீட்டுப் பிரீமியர் பத்மினியைக் காலால் மிதித்தால் தரை வழியாக மண் தெரிந்தது. உத்திரமேரூர் அருகே, சித்தப்பா வீட்டில், ஓட்டுக் கொட்டகைக்குக் கீழே, சிமெண்டுத் தரையில் 18 ஆண்டுகள் நின்ற அம்பாசடரின் அடித்தகரத்தில் கம்பெனி பூசிய கருப்புப் பூச்சே பாதி இருந்தது. மழையைவிட, கீழே இருந்து ஏறும் ஈரமும் புல்லும்தான் தகரத்தைத் தின்கின்றன. தார்ப்பாய் போட்டு மூடி வைப்பது நல்லது என்று நினைத்துச் செய்கிறார்கள். தரையை ஒட்டி இறுக்கிக் கட்டிய தார்ப்பாய் ஈரத்தை உள்ளேயே வைத்துப் புழுக்குகிறது. இந்த ஆண்டு முடிவெடுக்க முடியாது என்றால், வண்டியைச் செங்கல் தரையின் மேல் ஏற்றி, மேலே கீற்றுக்கொட்டகை போட்டு, நான்கு பக்கமும் காற்றாட விடுங்கள்.

ஓட்டுவதா, உடைப்பதா

இந்த முடிவை வீட்டில் உட்கார்ந்து எடுக்காதீர்கள். குத்திப் பார்த்து எடுங்கள். அடித்தகரம் போயிருந்தால், அப்பாவின் வண்டி என்பதற்காகப் பணத்தைக் கொட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஓட்டலாம் என்று முடிவு செய்தால் சட்டம் தடுக்காது. வயதை மட்டும் வைத்துப் பழைய காரை ஒதுக்கும் ஏற்பாடு தமிழ்நாட்டில் இல்லை. சொந்தக் காரின் பதிவு முதலில் 15 ஆண்டுகளுக்கும், பிறகு தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்தைந்து ஆண்டுகளுக்கும் செல்லும். படிவம் 25-இல் விண்ணப்பித்து, வண்டியை நேரில் காட்ட வேண்டும். பழைய வரி பாக்கி, பசுமை வரி, மூன்றாம் நபர் காப்பீடு ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்து, உடலும் இன்ஜினும் பெரிதாக மாற்றப்படாத வண்டி என்றால், 2021 ஜூலையில் வந்த விதித்திருத்தத்தின்படி விண்டேஜ் வண்டியாகப் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம், தினசரி ஓட்டக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை மனைவி மக்களோடு மகாபலிபுரம் போய்வர ஆசைப்படுகிறவருக்குச் சாதாரணப் பதிவுப் புதுப்பிப்பே சரி.

உடைப்பது என்று முடிவானால், காயலான் கடைக்காரரை நேராகக் கொல்லைக்கு அழைத்துவிட வேண்டாம். அவர் பணத்தைக் கையில் கொடுத்து அன்றே எடுத்துப்போவார். பதிவேட்டில் வண்டி உங்கள் பெயரில் உயிரோடு இருக்கும். உங்கள் எண் தகடும் சேஸ் எண்ணும் வேறொரு வண்டியில் ஏறி ஏதாவது விபத்தில் மாட்டினால், தேடி வருவது உங்கள் வீட்டுக்குத்தான். வண்டி நிரந்தரமாகப் பயனற்றுப் போனால் அதைப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு சொல்கிறது. 2021-இல் வந்த வாகன உடைப்பு நிலைய விதிகளின்படி பதிவு பெற்ற நிலையத்தில் ஒப்படைத்தால், அவர்களே வண்டியை எடுத்துப்போய், வைப்புச் சான்றிதழும் உடைத்த பின் உடைப்புச் சான்றிதழும் தருவார்கள். அதைக் காட்டிப் பதிவை ரத்து செய்துகொள்ளலாம். புதிய வண்டி வாங்கும்போது வைப்புச் சான்றிதழுக்குப் பதிவுக் கட்டணத்தில் விலக்கும் உண்டு. தொகை காயலான் கடையில் சொல்வதைவிடக் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் நான் இதையே சொல்வேன்.

ஒப்படைக்கும் முன் பழைய பேட்டரியைக் கழற்றி பேட்டரிக் கடையில் கொடுங்கள். அதில் ஈயமும் ஆசிட்டும் இருக்கின்றன. இன்ஜின் ஆயிலையும் கியர் ஆயிலையும் பழைய டப்பாவில் வடித்துப் பட்டறையில் சேருங்கள். வண்டி நின்ற இடத்தில் ஆயில் ஊறிக் கருத்த மண்ணை ஒரு முழம் ஆழத்துக்கு வெட்டி எடுத்துவிடுங்கள். கிணற்றுப் பக்கமோ வாழை மரத்தடியிலோ அதைப் போடாதீர்கள்.

நகர்த்துவது

2017-இல் நான் செய்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை காலை வந்து, மாலைக்குள் சென்னைக்குத் திரும்ப வேண்டும் என்ற கணக்கில், தெரிந்தவரின் டிராக்டரை வரவழைத்து, முன் பம்பரில் சங்கிலி மாட்டி இழுக்கச் சொன்னேன். 1996-இல் அப்பா ஹேண்ட் பிரேக் போட்டுத்தான் நிறுத்தியிருந்தார். பிரேக் லைனிங், டிரம்மோடு ஒட்டிப்போய், பின் சக்கரங்கள் சுழலவே இல்லை. இடது பின் சக்கரத்தைப் புளிய மரத்தின் வேர் ஒன்று முழங்கையளவு தடித்துச் சுற்றியிருந்தது. பம்பர் முதலில் வந்தது. பிறகு சங்கிலியைக் கீழே குறுக்குச் சட்டத்தில் மாற்றி இழுத்தோம். ஒரு சத்தம், லீஃப் ஸ்பிரிங் பிடித்திருந்த தகரம் கிழிந்து, அச்சு அங்கேயே நிற்க, வண்டி மட்டும் முன்னால் வந்து உட்கார்ந்தது. அம்மா திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை, எழுந்து உள்ளே போய்விட்டார்.

எனவே முதலில் சக்கரம் சுழல வேண்டும், பிறகே இழுப்பது. வீல் நட்டுகளில் துரு இளக்கும் ஸ்பிரேயை மூன்று நாள் காலை மாலை அடியுங்கள். மண் தரையில் ஜாக்கியை நேராக வைக்காமல், இரண்டு அங்குலத் தடிமனுள்ள பலகை மேல் வையுங்கள். தூக்கிய வண்டிக்குக் கீழே முட்டுக் கொடுக்கக் கனமான மரக்கட்டைகளை ஒன்றின் மேல் ஒன்று குறுக்காக அடுக்குங்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் பாரத்தில் சொல்லாமல் வெடிக்கும், அவற்றை நம்பி வண்டிக்குக் கீழே யாரும் படுக்கக் கூடாது. சக்கரத்தைக் கழற்றிய பிறகு, பிரேக் அட்ஜஸ்டரைத் தளர்த்தி, டிரம்மின் விளிம்பில் மரத்துண்டை வைத்து, சுத்தியலால் சுற்றிச் சுற்றி மெதுவாகத் தட்டுங்கள். ஒரு மணி நேரம் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். டிரம் வந்ததும் உள்ளே இருக்கும் தூளை ஊதாதீர்கள். அந்தக் காலத்து லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். தண்ணீரில் நனைத்துத் துணியால் துடைத்தெடுத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போடுங்கள்.

டயர்கள் காற்றுப் பிடிக்காது. ஓட்டுவதற்கு அல்ல, உருட்டுவதற்கு மட்டும் பழைய டயர் நான்கு வேண்டும். சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரி பாகக் கடைகளில் அளவைச் சொன்னால் தேடிக் கொடுப்பார்கள். மரவேரை வாளால் அறுத்து எடுங்கள். சக்கரத்துக்கு முன் மண்ணைச் சரிவாக வெட்டி, பலகை போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, நான்கு பேர் கையால் தள்ளினாலே வண்டி வந்துவிடும். கையால் தள்ளி வராத வண்டியை டிராக்டரால் இழுக்காதீர்கள். ஏதோ ஒன்று இன்னும் பிடித்திருக்கிறது என்று பொருள். அங்கிருந்து சென்னைக்குத் தட்டையான மேடையுள்ள ரெக்கவரி வண்டியில் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும். கயிறு கட்டி நெடுஞ்சாலையில் இழுத்துவருவது பிரேக் இல்லாத வண்டிக்கு உயிராபத்து. ஆர்.சி. நகலையும் உரிமையாளர் கையெழுத்திட்ட கடிதத்தையும் ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புங்கள், வழியில் கேட்பார்கள்.

இன்ஜினை எழுப்புவது

பேட்டரி வைத்து செல்ஃப் அடித்துப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். இறுகிய பிஸ்டனை மோட்டார் பலத்தால் அசைத்தால் ரிங் உடையும், சிலிண்டர் கீறும்.

நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு மேஜைக்கரண்டி அளவு, ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்த கலவையை ஊற்றுங்கள். அசிட்டோன் எளிதில் தீப்பிடிக்கும், அருகில் பீடி, சிகரெட் கூடாது. அது கிடைக்காவிட்டால் டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்தும் ஊற்றலாம், நாள் கொஞ்சம் கூடும். துளைகளைத் துணியால் மூடி, இரண்டு நாளுக்கு ஒருமுறை மேலும் கொஞ்சம் ஊற்றி, ஒரு வாரம் விடுங்கள். பிறகு, முன்னால் ஹேண்டில் போடும் வசதியுள்ள வண்டி என்றால் அதன் வழியாக, இல்லையென்றால் வண்டியைக் கடைசி கியரில் வைத்து முன்னும் பின்னும் தள்ளி, கால் அங்குலம் அசைகிறதா என்று பாருங்கள். சித்தப்பாவின் அம்பாசடரில் ஆறு நாளும் ஒன்றும் அசையவில்லை. ஏழாம் நாள் ஹேண்டிலில் உடல் எடையைச் சாய்த்தபோது, உள்ளே எங்கோ பசை விடுவது போன்ற ஒரு நெகிழ்வு, அவ்வளவுதான். மேலும் அழுத்தாமல், அந்தச் சிறு தூரத்தையே முன்னும் பின்னுமாக அரை மணி நேரம் ஆட்டி, மறுபடி எண்ணெய் விட்டு, மறுநாள்தான் முழுச் சுற்று சுற்றினோம்.

சுற்ற ஆரம்பித்த பின் பழைய ஆயிலை வடித்து, ஃபில்டரை மாற்றிப் புது ஆயில் ஊற்றுங்கள். ரேடியேட்டரைக் கழுவி, ரப்பர் ஹோஸ்களை எல்லாம் மாற்றுங்கள். பழைய டாங்கிலிருந்து பெட்ரோல் எடுக்க வேண்டாம். அதிலிருப்பது இப்போது பெட்ரோல் இல்லை, வார்னிஷ் வாடை வீசும் பசை. அதை இறக்கி, தனியாகக் கழுவக் கொடுக்க வேண்டும். காலி டாங்கில் தங்கியிருக்கும் ஆவி வெடிக்கும் என்பதால், நன்றாகக் கழுவிச் சோதிக்காமல் வெல்டிங் வைக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். முதல் முறை கிளப்ப ஒரு சிறு கேனில் புதுப் பெட்ரோல் வைத்து, புதுக் குழாய் வழியாகக் கொடுத்தால் போதும். இன்று பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாயையும் பெட்ரோல் பம்பின் டயாஃபிரத்தையும் அது கரைத்துவிடும், எனவே எத்தனால் தாங்கும் குழாயாகக் கேட்டு வாங்குங்கள். பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் பாயின்ட்டை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியை 0.4 மில்லிமீட்டருக்கு வையுங்கள்; பல வண்டிகள் ஸ்பார்க் வராமல் நிற்பது இந்தத் துளி இடத்தால்தான்.

பேட்டரி மாட்டும் முன் ஒன்றைப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்து வண்டிகள் சிலவற்றில் நெகட்டிவ் முனைக்குப் பதிலாகப் பாசிட்டிவ் முனைதான் பாடியில் எர்த் ஆகியிருக்கும். பழைய பேட்டரி கேபிள்களில் எது பாடிக்குப் போகிறது, அது எந்த முனையில் மாட்டப்பட்டிருந்தது என்று கண்டுபிடித்த பிறகே மாட்டுங்கள். எலி கடித்த ஒயர்கள் இருக்குமென்பதால், ஒருவர் பேட்டரி முனையருகே ஸ்பானரோடு நிற்கட்டும், தீயணைப்பான் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

பிளக்குகளை மாட்டாமல் செல்ஃப் அடித்தால், சிலிண்டரில் ஊற்றிய எண்ணெய் எல்லாம் துளை வழியாகப் பீய்ச்சி வெளியேறும். முகத்தை நீட்டிப் பார்க்காதீர்கள். ஆயில் விளக்கு அணையும்வரை, பத்துப் பத்து வினாடியாக விட்டு விட்டு அடியுங்கள். அது அணைந்தால் ஆயில் மேலே ஏறிவிட்டது என்று பொருள், அதற்குப் பிறகுதான் பிளக் மாட்ட வேண்டும். கிளம்பியதும் பின்னால் வெள்ளையும் நீலமுமாகப் புகை கொல்லை முழுவதையும் மூடும். பயப்பட வேண்டாம், ஊற்றிய எண்ணெய்தான் எரிகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் தானாக ஓட விட்டு, காதை இன்ஜினிடம் வையுங்கள். அடியிலிருந்து கனமான இடிச் சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள், பேரிங் பார்க்க வேண்டும். மேலே வால்வு டிக் டிக் என்பது மட்டும் என்றால் பத்து நிமிடம் ஓடட்டும். பிறகு நிறுத்தி, சூடு ஆறுவதற்குள் ஆயிலை மறுபடி வடித்துவிடுங்கள். புதிதாக ஊற்றியதுதானே என்று பார்க்காதீர்கள். 18 ஆண்டுச் சேறு அதில் கரைந்திருக்கும். வடிகாலில் கருப்பாக வருவது தேன் நிறத்துக்குத் திரும்ப, எங்களுக்கு மூன்று முறை மாற்ற வேண்டியிருந்தது.